கூட வந்த உயிருக்கு ஓர் இடம்

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் ஓர் இரவு, கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்திருந்த ஒரு விடுதியின் வாசலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருக்க நேர்ந்தது. என்னுடன் வந்தவர்கள் மூவர். பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் என்னோடு படித்த நண்பர், அவருடைய மனைவி, அவர்கள் வளர்க்கும் பதின்மூன்று வயது நாய் ஜிம்மி. நாங்கள் மூவரும் உள்ளே போகலாம், ஜிம்மி போகக்கூடாது என்பதே அங்கு எழுந்த சிக்கல்.

நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வவுனியாவில் வசிக்கிறார். அவர் மனைவியின் பூர்வீகக் காணி விசுவமடுவில் இருக்கிறது. மறுநாள் காலை காணி அளவைக்கு ஆள் வருவதாக இருந்தது. உறவினர் வீடு ஏற்கெனவே கனடாவிலிருந்து வந்தவர்களால் நிறைந்திருந்தது. ஜிம்மிக்கு நாளுக்கு இருமுறை மருந்து கொடுக்க வேண்டும். அயலில் எவரிடமும் விட்டுவர முடியாது. ஆகையால் வானில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்பதிவு செய்தபோது நாய் பற்றிச் சொல்லவில்லை. அது அவர்களுடைய தவறு. விடுதிக்காரரும் அது பற்றி எங்கும் அறிவித்திருக்கவில்லை. இது அவர்களுடைய தவறு.

முகாமையாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். "ஐயா, எனக்கு விளங்குது. ஆனால் நாளைக்கு அந்த அறைக்கு வாற ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது? போன மாதமும் ஒருத்தர் நாயைக் கொண்டுவந்து மெத்தையைக் கிழிச்சுப்போட்டுப் போயிட்டார். முதலாளி என்ர சம்பளத்திலைதான் பிடிச்சவர்" என்றார். அவர் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நண்பரின் மனைவி வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. "அண்ணை, நீங்கள் போய்ப் படுங்கோ. நாங்கள் வானுக்குள்ளை படுப்பம்" என்றார். நான் மறுத்தபோது, "நான் ஒருக்கா விட்டுட்டு வந்தனான். இனி ஏலாது" என்று மட்டும் சொன்னார்.

அந்த 'ஒருக்கா' என்ற சொல்லின் பின்னால் இருந்ததை நண்பர் பின்னர் எனக்குச் சொன்னார். 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்த பின் சனங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஏதோ ஒன்று கைவிடப்பட்டது. முதலில் தளபாடங்கள், பின்னர் உழவு இயந்திரம், பின்னர் துவிச்சக்கரவண்டி, இறுதியில் அரிசி மூட்டை. அவர்களுடைய நாய் ரோசி மட்டும் எவரும் அழைக்காமலே உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடிவந்தது. இயந்திரம் போன பின் நடந்துவந்தது. பதுங்குகுழியின் வாசலில் படுத்தது. ஏப்ரல் மாதத்தில் புதுமாத்தளனில் இருந்து பல்லாயிரக்கணக்கானோர் கடல்நீரேரியைக் கடந்தபோது, இவர்களும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். ரோசியும் நீருக்குள் இறங்கி நீந்தி வந்ததாம். எவ்வளவு தூரம் என்று நண்பருக்குத் தெரியாது. "நான் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நடந்தனான், அவள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தவள்" என்றார். கரையேறியபோது ரோசி இல்லை.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, நாய்க்கு அங்கு இடமிருக்கிறதா என்று கேட்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை. வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பிகளுக்குள் இருந்தார்கள். மனிதருக்கே நீரும் நிழலும் போதவில்லை. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படும்வரை நாங்கள், பத்திரிகைக்காரர்கள், அங்குள்ளோரின் தொகையைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

இங்கே என் தொழில் சார்ந்த ஒரு குற்றவுணர்வைச் சொல்லவேண்டும். அக்காலத்தில் நான் கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரியபீடத்தில் இருந்தேன். இறந்தோர் தொகை, காயமடைந்தோர் தொகை, இடம்பெயர்ந்தோர் தொகை, அழிந்த வீடுகளின் தொகை என எண்களோடு மல்லுக்கட்டியே நாட்கள் கழிந்தன. கைவிடப்பட்ட விலங்குகளைப் பற்றி நான் ஒரு வரியேனும் எழுதியதில்லை. மனிதர் செத்துக்கொண்டிருக்கையில் மாட்டையும் நாயையும் பற்றி எழுதுவது அவமரியாதை என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறென்று இன்றும் முழுமையாகச் சொல்லமாட்டேன். ஆனால் மீள்குடியேற்றம் தொடங்கியபின் வன்னிக்குப் போனபோது, ஊர் திரும்பிய மனிதர்கள் வீட்டைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு பேசியது தங்கள் பட்டிகளைப் பற்றித்தான். காட்டோரங்களில் கட்டாக்காலியாய்த் திரிந்த மாடுகளின் உடலில் தங்கள் குடும்பத்துக் குறி இருக்கிறதா என்று நாட்கணக்கில் தேடித் திரிந்த முதியவர்களைக் கண்டிருக்கிறேன். குறி சுட்ட மாட்டையாவது தேடலாம். நாய்க்குக் குறி கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, விடுமுறை விடுதிகளில் செல்லப்பிராணிகளை அனுமதிக்கலாமா என்ற கேள்வி வன்னியில் வேறொரு கனத்தோடு எழுகிறது. மேலைநாடுகளில் இது வசதி பற்றிய கேள்வி. இங்கே அது, எம்மோடு வந்த உயிரை வாசலில் விட்டுவிட்டு நாம் மட்டும் உள்ளே போகலாமா என்ற பழைய கேள்வி.

உண்மையில் இது மிகப் பழைய கேள்விதான். மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வத்தில் தருமர் சுவர்க்கத்தின் வாசலுக்கு வருகிறார். தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்துவிட்டார்கள். கூட வந்தது ஒரு நாய் மட்டுமே. அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்கிறான் இந்திரன். நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாம் என்று தருமர் மறுக்கிறார். அந்த நாய் தருமதேவதையே என்பது பின்னர்தான் தெரியவருகிறது. அது தருமதேவதை என்று அறியாமலே அவர் மறுத்தார் என்பதில்தான் கதையின் பெறுமதி இருக்கிறது.

இதிகாசத்தைக் காட்டி விடுதிச் சட்டம் எழுத முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். சரி. மறுதரப்பின் நியாயங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இது பணக்காரரின் பொழுதுபோக்கு, வீடில்லாதவர்கள் இன்னும் இருக்கும் மண்ணில் நாய்க்கு அறை தேடுவது ஆடம்பரம் என்ற வாதம். இதை வன்னியை அறியாதவர்கள்தான் சொல்வார்கள். வன்னியில் நாய் ஆடம்பரமன்று. இரவில் யானை வேலியை நெருங்கும்போது முதலில் குரைப்பது அதுதான். காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கினாலும், பாம்பு திண்ணைக்கு வந்தாலும் அதுதான் சொல்லும். ஆண் துணையற்ற எத்தனையோ குடும்பங்கள் போருக்குப் பின் பற்றைகள் மூடிய காணிகளில் குடியேறியபோது, இராக்காவலுக்கு இருந்தது ஒரு நாய் மட்டுமே. இல்லாதவர்களே நாயோடு உணவைப் பகிர்ந்தவர்கள்.

இரண்டாவது, மற்ற விருந்தினரின் உரிமை. இது கனமான வாதம். நாய் என்றால் நடுங்குவோர் இருக்கிறார்கள். உரோமத்தால் இழுப்பு வருவோர் இருக்கிறார்கள். நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தைத் தூய்மையற்றதாகக் கருதி, அங்கு தொழுகைக்கு விரிப்பு விரிக்கத் தயங்கும் முஸ்லிம் பயணிகள் இருக்கிறார்கள். எம்முடைய ஆசாரமான குடும்பங்களிலும் நாய் முற்றத்தோடு நிற்கும், வீட்டுக்குள் வராது. இவர்களில் எவரையும் பார்த்து, நீங்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. பணம் கொடுத்து அறை எடுப்பவர், அந்த அறையில் முதல்நாள் இரவு என்ன இருந்தது என்பதை அறியும் உரிமை உடையவர்.

மூன்றாவது, விசர்நாய்க்கடி நோய். அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்று சொல்லத்தக்க நோய் இது. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகச் சுருங்கியிருக்கிறது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், கடிபட்டோருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை அளித்ததும் இதற்குக் காரணங்கள். எனவே, அஞ்சவேண்டியது தடுப்பூசி போடாத நாய்க்கே. ஜிம்மியின் தடுப்பூசி அட்டை அன்றிரவு நண்பரின் கைப்பையில் இருந்தது. எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நான்காவது வாதத்தை விடுதிக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் எனக்கு அதுவே மிக வலிமையானதாகப் படுகிறது. அது காட்டின் உரிமை. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் கரையோரத்தில் உள்ள சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பூநாரைகள் வந்திறங்கும் இடம். அப்படிப்பட்ட நீரேரியின் ஓரத்தில் அவிழ்த்துவிடப்பட்ட ஒரே ஒரு நாய், தரையில் கூடுகட்டும் பறவைகளின் ஒரு பருவத்து முட்டைகளையே நாசமாக்கிவிடும். நோயும் பரவும். 1994இல் தன்சானியாவின் செரெங்கெட்டி வெளியில், வளர்ப்பு நாய்களோடு தொடர்புடைய டிஸ்டெம்பர் வைரசுக் காய்ச்சல் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஆயிரம், மாண்டுபோயின. சிங்கத்துக்கே இக்கதி என்றால் பிற விலங்குகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் ஒட்டிய விடுதிகளில் நாய்களுக்கு இடமில்லை என்ற விதி கட்டாயம் இருக்க வேண்டும். நாயை நேசிப்பவர் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த நான்கு வாதங்களில் முதலாவது தவறானது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒழுங்குவிதிகளால் தீர்க்கக்கூடியவை. நான்காவது மட்டுமே முழுத் தடைக்கு நியாயம் தருகிறது. அதுவும் குறித்த சில இடங்களில் மட்டும். கிளிநொச்சி நகரிலோ, வவுனியாப் பேருந்து நிலையத்தின் அருகிலோ, முல்லைத்தீவு நகரிலோ உள்ள விடுதிகளுக்கு அது பொருந்தாது.

ஒழுங்குவிதிகளால் தீர்க்கலாம் என்பதற்குத் தொலைவில் சான்று தேடவேண்டியதில்லை. இந்திய இரயில்வேயை எடுத்துக்கொள்வோம். நெரிசலுக்குப் பேர்போன அந்த இரயில்களில், முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கைகள் கொண்ட அறையை முழுமையாகப் பதிவுசெய்தவர் தம் நாயை உடன் கொண்டுசெல்லலாம். நாய்க்குக் கட்டணம் உண்டு. மற்றவர்களின் நாய்க்குக் காவலர் பெட்டியில் கூண்டு உண்டு. அடுத்த பயணிக்கு இடையூறில்லை, நாயும் ஊர் போய்ச் சேர்கிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களின் நிலை இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் இருப்பதால், அவற்றை விடுதிகள் வாசலில் மறிக்க முடியாது. போரில் கண்ணிழந்தோர் இத்தனைபேர் வாழும் வன்னியில், வழிகாட்டி நாய் என்ற ஏற்பாடு இன்னும் எட்டாக்கனியாகவே இருக்கிறது என்பது தனியே எழுதவேண்டிய துயரம்.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது வேறோர் அமெரிக்க அனுபவம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, பல தங்குமிடங்களில் செல்லப்பிராணிகளுக்கு இடம் தரப்படவில்லை. நாயையும் பூனையையும் விட்டுவர மனமின்றி வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அவர்களில் சிலர் உயிரிழந்தனர். மறு ஆண்டு, 2006இல், அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. பேரிடர் வெளியேற்றத் திட்டங்களில் செல்லப்பிராணிகளோடு வரும் குடும்பங்களையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். விலங்குகள் மீது திடீரென்று பிறந்த கருணையால் மட்டும் அச்சட்டம் வரவில்லை. விலங்குக்கு இடமில்லை என்றால் மனிதரும் வரமாட்டார், வராவிட்டால் சாவார் என்ற நடைமுறை அறிவே அதன் அடிப்படை.

அந்த அறிவு எமக்கும் தேவை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தபோது, மக்கள் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தஞ்சமடைந்தார்கள். 2022 டிசம்பரில் கடுங்குளிரும் மழையும் சேர்ந்து வந்த சில நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தன. ஒவ்வொரு தடவையும், மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பி ஓடும் ஒருவர் எங்கள் ஊர்களில் இருந்தே தீருவார். மனிதரையும் அவரோடு வாழும் உயிரையும் ஒரே கூரையின் கீழோ, ஒரே வளவுக்குள்ளோ தங்கவைப்பது எப்படி என்று சாதாரண காலத்தில் பழகாத ஒரு சமூகம், வெள்ளம் வந்த இரவில் திடீரென்று அதைக் கற்றுக்கொள்ளாது. விடுமுறை விடுதி அதைப் பழகுவதற்கு ஏற்ற இடம். அங்கே எவருக்கும் அவசரமில்லை, தவறு நேர்ந்தால் இழப்பு ஒரு மெத்தையோடு போய்விடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லா விடுதிகளும் எல்லா அறைகளையும் திறந்துவிட வேண்டும் என்று கேட்கவில்லை. அனுமதி உண்டா இல்லையா என்பதை முன்பதிவின்போதே தெளிவாக அறிவியுங்கள். உண்டென்றால், நிலமட்டத்தில், தோட்டத்துக்குத் திறக்கும் கதவுள்ள ஓரிரு அறைகளை அதற்கென ஒதுக்குங்கள். துணி மெத்தைகளும் தரைவிரிப்பும் இன்றிச் சீமெந்துத் தரையாய் இருந்தால் கழுவுவது எளிது. அந்த அறைகள் எவையென மற்ற விருந்தினருக்கும் சொல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். கழுத்துப்பட்டியும் கயிறும் கட்டாயம். உணவு மண்டபத்துக்குள் அனுமதி வேண்டாம். அறையில் நாயைத் தனியே பூட்டிவிட்டு ஊர் சுற்றப் போகவும் விடாதீர்கள். சேதத்துக்கு ஒரு வைப்புப் பணம் வாங்குங்கள். அதை முகாமையாளரின் சம்பளத்தில் பிடிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

வெளிநாட்டிலிருந்து வரும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நாயோடு படுக்கையைப் பகிர்ந்து பழகிய பிள்ளைகள் இங்கு வரும்போது, விடுதிக்காரரை நாகரிகமற்றவர் என்று ஏளனம் செய்யாதீர்கள். அங்குள்ள நாகரிகமும் அபராதப் பலகைகளாலும் கழிவு அள்ளும் பைகளாலும் மெல்ல மெல்ல உருவானதே. நாட்டுக்குள் நாயைக் கொண்டுவருவதற்கே கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். விடுதியில் ஓர் அட்டையைக் காட்டச் சொன்னால் கோபம் எதற்கு?

போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் ஓர் உல்லாச விடுதியை நடத்தத் தொடங்கியது. எத்தனையோ பேர் எல்லாவற்றையும் இழந்து கடந்த நீரின் கரையில், வேறு சிலர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து சூரிய அஸ்தமனம் பார்த்தார்கள். அதைப் பற்றி அப்போது பலரும் கோபத்தோடு எழுதினார்கள். வன்னியில் விடுதி என்பது வெறும் வணிகக் கட்டடமாக எங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு இன்னும் காலம் எடுக்கும். எம்மவரே எம் மண்ணில் கட்டும் விடுதிகளாவது, எமக்கு நேர்ந்ததை அறிந்தவர்களின் விடுதிகளாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது பிழையாகாது.

அன்றிரவு நான் அறைக்குள் படுத்தேன். நித்திரை வரவில்லை. நள்ளிரவு தாண்டி வெளியே வந்து பார்த்தேன். வானின் கதவுகள் திறந்திருந்தன. நண்பர் குறட்டைவிட்டுக் கொண்டிருந்தார். மனைவி இருக்கையில் சாய்ந்தபடி விழித்திருந்தார். அருகே ஒரு நுளம்புச் சுருள் புகைந்துகொண்டிருந்தது, ஒரு பிளாஸ்ரிக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. "அந்தத் தம்பிதான் கொண்டுவந்து வைச்சவர். நாய்க்குப் பேர் என்னெண்டும் கேட்டவர்" என்றார்.

காலையில் கணக்கு முடிக்கும்போது முகாமையாளரிடம் நன்றி சொன்னேன். அவர் சங்கடத்தோடு சிரித்தார். தன் வீட்டிலும் 2009க்கு முன் ஒரு நாய் இருந்ததாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது எட்டோ ஒன்பதோ இருந்திருக்கும். அதற்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த இளைஞருக்கு மனமிருந்தது. இல்லாதிருந்தது அந்த மனத்தைச் செயலாக்க அவருக்கு இடங்கொடுக்கும் ஒரு விதி. நிலமட்டத்தில் ஒரு சீமெந்துத் தரை அறை இருந்திருந்தால், அறுபதை நெருங்கும் ஒரு பெண் ஆவணி மாதப் புழுக்கத்தில் வானுக்குள் விழித்திருந்திருக்க மாட்டார்.